சுட்டால் சுருங்கும்

ரேஷன் கடையில் பெருவிரலை வைக்கச் சொல்லும் அந்தச் சின்ன மெஷின் நம் வயதுக்காரர்களை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துடைத்து வை, அழுத்தி வை, வேறு விரலை வை. போன வாரம் என் முறை வந்தபோது எல்லா விரலையும் வாங்கிப் பார்த்துவிட்டு அது மாட்டேன் என்றது. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "பெரியம்மா, தலைமுடியில தேச்சிட்டு வைங்க, எண்ணெப் பசையில புடிச்சுக்கும்" என்றாள். தேய்த்து வைத்தேன். பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரிசிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம். நான் அழுதது என் அம்மாவின் இடது கைப் பெருவிரலை நினைத்து.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினொன்று முடிந்திருந்தது. நாங்கள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களை, உங்கள் பாட்டன் பூட்டன் இந்தியாக்காரன், நீங்களும் அங்கேயே போங்கள் என்று ஏற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் சில மாதம். பிறகு கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூப்புக்கு லாரியில் கூட்டிவந்தார்கள். குளிர் பழகினவர்கள் என்பதால் எங்களைத் தேர்ந்தெடுத்தார்களாம். என்ன கரிசனம் பாருங்கள். வந்த இரண்டாவது மழைக்காலத்தில், வெட்டிய மரம் ஒன்று தப்பான பக்கம் சாய்ந்து அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும்தான்.

கூப்பு வேலை முடிந்தது. தை பிறப்பதற்குள் குடிசையைப் பிரித்துவிட வேண்டும் என்று காட்டிலாகா வாட்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே பிடி, மலையடிவாரத்தில் அய்யம்பாளையத்துப் பக்கம் கப்பலில் வந்தவர்களுக்கு வீட்டுமனை கொடுக்கப்போகிறார்கள் என்ற சேதி. பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. அவர் இல்லாததால் அம்மா போய் ரேகை வைத்தால் போதும். சிலோனில் கொடுத்த குடும்ப அட்டையில் அவள் வைத்திருந்த ரேகையோடு அது ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அட்டையை அம்மா ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அப்பாவின் சட்டைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அம்மா அப்போது ஊருக்குள் மிஷன் காம்பவுண்டில் ஓட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தாள். கூரை ஓடு இல்லை. சுவரில் பதிக்கிற ஓடு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். எல்லாம் கைவேலை. அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மிஸ்ஸியம்மா என்போம். பைபிளைப் பார்த்துத் தமிழ் படித்தவர் போல, ஒரு எழுத்து சிந்தாமல் பேசுவார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் சர்ச்சின் பின்சுவர் முழுக்கப் பச்சை ஓடு பதித்துவிட வேண்டும் என்று மும்முரமாக இருந்தார்.

கொடைக்கானல் மூடுபனியில் களிமண் ஒரு சீராகக் காயாது. ஓரம் முதலில் காயும், நடு பின்தங்கும், நடுவே விரிசல் விட்டுவிடும். அதற்காக உடைந்த ஓட்டை இடித்துத் தூளாக்கி மண்ணோடு பிசைவார்கள். அந்தத் தூள்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. அச்சிலிருந்து வரும் ஓட்டின் விளிம்பு கத்தி போல இருக்கும். அப்படியே விட்டால் மேலே பூசுகிற பச்சை மெருகு விளிம்பில் நிற்காமல் பொரிந்துவிடும். அதனால் நகம் பதியும், விரல் பதியாது என்கிற பதத்தில் விளிம்பை உருட்ட வேண்டும். ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் மண் கரைந்து தூள் துருத்திக்கொண்டு நிற்கும். விரல் ஒன்றுதான் தூளை உள்ளே அழுத்தி மண்ணை மேலே மூடும். அம்மா பீச்சாங்கைக்காரி. இடது பெருவிரலைத் தண்ணீரில் தொட்டு, ஓட்டின் நான்கு ஓரத்திலும் ஒரே இழுப்பாக இழுப்பாள். உஸ் என்று ஒரு சத்தம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஈரச்சாக்கு வாடையிலும் சூளைப் புகையிலும் உட்கார்ந்து கணக்குப் போடுவேன்.

நாள் முழுக்க உப்புத்தாளில் விரலைத் தேய்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அவளுடைய பெருவிரல் நுனி வழுவழுவென்று கூழாங்கல்லாகிவிட்டது. எனக்குத் தலை பின்னும்போது மற்ற விரல்கள் முடியில் சிக்கும், அந்த ஒரு விரல் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு அது பிடிக்கும். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அம்மா ஒரு ஓட்டின் மூலையை ரொம்ப அழுத்திப் பிடித்துவிட்டாளாம். மண் இன்னும் இளசு. பெருவிரல் ரேகை அப்படியே குழிந்து பதிந்துவிட்டது. சூளையில் மெருகு உருகி அந்தக் கோடுகளுக்குள் இறங்கி, வெளிர்பச்சைக்கு நடுவில் கரும்பச்சையாக ஒரு சுழி. மிஸ்ஸியம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதில் உன் விரல் இருக்கிறது. ஆலயத்தின் சுவருக்கு விரல் வேண்டாம்" என்று கழித்துவிட்டார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்தாள். தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் அந்தச் சுழியில்தான் நான் விரலை வைத்துத் தூக்குவேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் நாங்கள் மலையிறங்கி ஆபீசுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க் நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவின் விரலில் மை தடவித் தாளில் உருட்டினார். பார்த்தார். மறுபடி தடவி உருட்டினார்.

"என்னாம்மா இது, மைய அப்பி வச்ச மாதிரி கெடக்கு? ஒரு கோட்டையும் காணமே."

"சோத்தாங்கைய வச்சுப் பாக்குறீங்களா ஐயா?"

"அட்டையில எடது கைல்ல இருக்கு? வலது கைய வச்சு நான் என்னத்தம்மா ஒத்துப் பாக்குறது? என்ன சோலி பாக்குறீங்க?"

"ஓட்டு வெளிம்பு தேய்க்கிறேனுங்க."

"அதான பாத்தேன். எங்க மாமனாரு செங்கச் சூளையில கெடந்தவரு. அவருக்கும் இப்படித்தான் வழிச்சு விட்டுப்போச்சு. ஒரு மாசம் அந்தச் சோலிய விடுங்க. கோடு தன்னால வந்துரும். மார்கழி மொத வாரத்துல கடைசித் தேதி. அதுக்குள்ள வெரசா வந்துருங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! நாங்கள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே மலையேறினோம்.

மிஸ்ஸியம்மாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் விரலைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, இது என் குற்றம்" என்றார். விளிம்பு வேலைக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டு, அம்மாவை மண் சுமக்கும் வேலைக்கு மாற்றினார். ஒரு வாசலின் டப்பா கொடுத்தார். இங்கிலீஷில் ஒரு கடிதமும் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னார் என்னிடம் இன்ன வேலை செய்கிறாள், வேலையினால் ரேகை தேய்ந்திருக்கிறது என்று. "பயப்படாதே. ரேகை வராவிட்டாலும் இந்தக் கடிதம் போதும்" என்றார். அதை அவர் மனதார நம்பினார். அவருடைய ஊரில் ஒருவேளை போதுமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு மாதம் எங்கள் குடிசையில் மூன்று பேர் இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா, நான், அந்த விரல். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, விறகு ஒடிப்பது எல்லாம் நான். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் கல்லாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கி, விரலில் தடவி, பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுவேன். வெள்ளனே எழுந்ததும் கட்டைப் பிரித்து, வாசலில் வெயில் விழும் இடத்தில் அம்மாவை நிற்க வைத்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

"வந்திருக்கா புள்ள?"

"இன்னும் இல்லம்மா."

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் ஓரமாக இரண்டு மூன்று கோடு தெரிந்தது. நான் கத்திய கத்தில் பக்கத்துக் குடிசை நாய் குரைத்தது. அடுப்புக்கரியைத் தொட்டு காலண்டர் தாளின் பின்பக்கம் பதித்துப் பார்த்தோம். பாதிச் சுழி விழுந்தது. அம்மா அந்தத் தாளை மடித்து பிஸ்கட் டின்னில் அட்டையோடு வைத்தாள். மனை கிடைத்தால் முதலில் ஒரு முருங்கைக் கம்பு ஊன்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். மலையில் முருங்கை வராதே.

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சர்ச்சில் ஓடு பதித்துக்கொண்டிருந்த கன்னிவாடிக் கொத்தனார் சாரத்திலிருந்து ஒரு பெட்டியைத் தவறவிட்டார். சுவரின் சுற்றுவரிசைக்கு வைத்திருந்த ஓரத்து ஓடுகள் அத்தனையும் அதில் இருந்தன. ஓரத்து ஓடு என்றால் ஒரு பக்கம் மட்டும் நன்றாக உருண்டு வளைந்திருக்கும். பச்சை மண்ணில் புதிதாகச் செய்து காயவைக்க நாள் இல்லை. ஒருமுறை சுட்டு மெருகு பூசாமல் இருந்த சாதா ஓடுகளை எடுத்து, ஒரு விளிம்பைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்து, பெருவிரலால் வளைவைத் தடவிப் பார்த்துப் பார்த்து உருட்டினால் உண்டு. புதிதாக வந்த பெண் தேய்த்ததெல்லாம் பல் பல்லாக இருந்தது.

மிஸ்ஸியம்மா எங்கள் குடிசைக்கே நடந்து வந்தார். அதுவரை வந்ததில்லை. அவரை உட்காரவைக்க எங்களிடம் ஒரு சாக்குதான் இருந்தது. அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"ஒரே ஒரு நாள். உன்னைத் தவிர வேறு எவராலும் முடியாது. கடிதம் இருக்கிறதே, ஏன் கவலைப்படுகிறாய்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான், "வேணாம்மா" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். மிஸ்ஸியம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிள்ளை பேச்சு அவ்வளவு எடுபடும்.

"ஒரு நாளுதானே புள்ள. வீடு தேடி வந்திருக்காங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு நாள் மூன்று நாளானது. விரலில் துணி சுற்றிக்கொண்டு தேய்த்துப் பார்த்தாள். துணி கிழிந்தது, அதோடு துணிக்கு மேலே விளிம்பின் வளைவு விரலுக்குத் தெரியவில்லை. அவிழ்த்து எறிந்துவிட்டாள். அவள் மோசமாக வேலை பார்த்திருந்தால் இரண்டாம் நாளே மிஸ்ஸியம்மா அனுப்பியிருப்பார். மோசமாக வேலை பார்க்க அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் அவள் மேல் கோபம் இருக்கிறதென்றால் அது இதற்காகத்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் விரலைப் பிடித்துப் பார்த்தேன். கூழாங்கல்.

கடைசித் தேதி அன்று மலையிறங்கினோம். என் புத்தகப்பையில், துண்டில் சுற்றி, குடத்து மூடியை வைத்திருந்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அது என்னுடைய யோசனை. விரலில் இல்லாத ரேகை ஓட்டில் இருக்கிறதே, அது போதாதா என்று. அந்த வயதில் அதைவிடக் கெட்டிக்கார யோசனை உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது. ஊசிவளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

கிளார்க் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். மை தடவினார். உருட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"என்னாம்மா, சொன்னேன்ல, அந்தச் சோலிய விடுங்கன்னு?"

அம்மா கடிதத்தை நீட்டினாள். படித்துப் பார்த்து, "நல்ல லெட்டருதான். ஆனா நான் ஒத்துப் பாக்க வேண்டியது ரேகைய" என்று பக்கத்தில் வைத்துவிட்டார். அவர் வேறு வழி ஏதாவது தேடியிருப்பாரோ என்னவோ. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"சார், இதுல எங்கம்மா ரேகை இருக்கு. வேலைக்குச் சேந்தப்ப வச்சது."

அம்மா திகைத்துப் போனாள். கிளார்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அட்டையையும் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அட, சுழி ஒண்ணு போலத்தான்யா இருக்கு" என்று அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு முருங்கைமரமே முளைத்துவிட்டது. பிறகு அவர் டிராயரைத் திறந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். முதலில் அட்டையில் வைத்தார். அப்புறம் ஓட்டில் வைத்தார். மறுபடி அட்டையில்.

"இது சின்னதால்ல இருக்கு."

"சுட்டா சுருங்கும்ங்கய்யா" என்றாள் அம்மா. "காயிறப்ப கொஞ்சம், சூளையில கொஞ்சம். ஓடே சுருங்கித்தானே வரும். அதோட சேந்து ரேகையும் சுருங்கிரும்."

கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத்தான் அச்சு செய்வார்கள். ஆனால் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

"ரேகை எங்கயாச்சும் சுருங்குமாம்மா?" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, இங்கிட்டு வா. ஒன் வெரல இதுல வையி."

வைத்தேன். தினமும் தண்ணீர் மொள்ள வைக்கிற இடம்தானே. பெருவிரல் அச்சு அசலாகப் பொருந்தி உட்கார்ந்தது. பாருங்கள் எப்படிப் பொருந்துகிறது என்று சந்தோஷமாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் ஒங்கள நம்புனேன்மா" என்றார் அம்மாவிடம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமனாரு கதையெல்லாம் சொன்னேன். பச்சப்புள்ள வெரல வச்சு ஓடு செஞ்சு கொண்டாந்திருக்கீங்களே."

"ஐயா, சத்தியமா அது என் வெரலுங்க."

அவர் கேட்கவில்லை. சுழியைப் பார்த்தவர், அளவைப் பார்த்ததும் சுழியை மறந்துவிட்டார். என் விரலில் மை தடவித் தாளில் உருட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், என் ரேகை வேறு, அந்த ரேகை வேறு என்று. எனக்கும் மை தடவுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. எனக்கு அது தோன்றியபோது வயது இருபத்தாறு. ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தாள்களை ஒரு பைலில் வைத்து, மேலே சிவப்பு மையில் ஏதோ எழுதினார். ஓட்டையும் அதே பைலோடு வைத்து நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்.

"ஐயா, அது எங்க கொடத்து மூடிங்க" என்றாள் அம்மா.

"இனி அது இங்கதான் இருக்கணும்."

அம்மா துண்டை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தபோது அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தாம்மா கெடுத்துப்புட்டேன்" என்றேன். "நீ என்னா செய்வ, நெசத்தத்தானே கொண்டாந்த" என்றாள். ஒரு அடி அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்குச் சுவர் முடிந்துவிட்டது. நாங்களும் போய்க் கடைசியில் நின்று பார்த்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பச்சைச் சுவர் முழுக்க ஈரமாக இருப்பது போல மினுங்கியது. சுற்றுவரிசை அத்தனை வழவழப்பு. எங்கேயும் ஒரு விரல் அடையாளம் இல்லை. மிஸ்ஸியம்மா எல்லோருக்கும் நன்றி சொன்னார், கொத்தனாருக்கும் சேர்த்து. எங்கள் விஷயம் கேள்விப்பட்டு அழுதார். இன்னொரு கடிதம் எழுதினார். குடிசையைப் பிரித்தபோது கொட்டகைக்குப் பின்னால், கழித்த ஓடுகளை அடுக்கிவைக்கும் அறையைக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் யாருமே கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்த வருஷம் மழை தொடங்குமுன் மிஸ்ஸியம்மா உடம்பு முடியாமல் தன் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. கொட்டகையைப் பூட்டினார்கள். நாங்கள் பேத்துப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பூண்டு உரிக்கப் போனோம். தோட்டக்காரர் சாமான் வைக்கும் தகரக் கொட்டகையில் ஒரு மூலையை எங்களுக்கு விட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒன் பேனாவுல மை இருக்கா புள்ள?"

பேனாவைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு சொட்டை இடது பெருவிரலில் விட்டு வலது கையால் பரவலாகத் தடவினாள். கிளார்க் செய்த மாதிரியே, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விரலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக உருட்டி எடுத்தாள். எல்லாக் கோடும் விழுந்திருந்தது. நடுவில் அந்தச் சுழி, குடத்து மூடியில் இருந்த அதே சுழி, இப்போது முழு அளவில். அய்யம்பாளையத்தில் மனைகளை எல்லாம் அளந்து கொடுத்து, ஆட்கள் வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள்.

அம்மா குனிந்து மையை ஊதிக் காயவைத்தாள்.

"நல்லா விழுந்திருக்குல்ல?" என்று கேட்டாள்.

"விழுந்திருக்கும்மா" என்றேன்.